மூன்று முறை மிதித்தால் நிற்கும் வண்டி

பூமிநாதன் பட்டாளத்து ஏலத்தில் எடுத்துவந்த அந்த லாரியைக் காரைக்காலில் ஓட்டத் தெரிந்த ஆள் ஒருவர்தான். பெயர் செல்லக்கண்ணு. தலத்தெருக்காரர். எழுபத்திரண்டில் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது வயது இருபத்தாறு. அதற்கு முன் ஒரு மிராசுதாரிடம் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் வந்த மூன்று டிரைவர்களும் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. அதில் ஒருவர் கும்பகோணம் மார்க்கெட்டிலேயே வண்டியை விட்டுவிட்டுப் பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டார்.

பூமிநாதனுக்கு ஐஸ் கிடங்கும் மீன் வியாபாரமும் இருந்தன. காலையில் கிடங்கிலிருந்து ஐஸ் பார்களை ஏற்றிக்கொண்டு பட்டினச்சேரி போக வேண்டும். அங்கே கரைக்கு வந்த மீனை ஐஸ் போட்டு அடுக்கிக்கொண்டு கும்பகோணம் மார்க்கெட்டில் இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். நான் அந்தக் கிடங்கில் டெலிபோன் பார்க்கும் வேலையில் இருந்தேன். கடிதம் எழுதுவது, மனு எழுதுவது எல்லாம் நான்தான். ஜன்னலுக்கு வெளியேதான் லாரி நிற்கும். ஏழு வருஷம் தினமும் அவர் அந்த வண்டியைக் கிளப்புவதைப் பார்த்திருக்கிறேன்.

செல்ப் மோட்டார் வரும்போதே செத்துப்போயிருந்தது. முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் எஞ்சினை எழுப்ப வேண்டும். கிளீனர் வைத்தால் அவனுக்கும் சோறு போட வேண்டும் என்று பூமிநாதன் ஆள் வைக்கவில்லை. செல்லக்கண்ணு ஒருவரே சாவியைப் போட்டுவிட்டு இறங்கிவந்து சுற்றுவார், எஞ்சின் பிடித்ததும் அணைந்துவிடுவதற்குள் ஓடிப்போய் ஏறுவார். மழைக்காலத்தில் இருபது முப்பது தடவை சுற்ற வேண்டியிருக்கும். எஞ்சின் டிரைவர் காலை ஒட்டியே இருந்தது. அதன் மேல் மூடிய தகரத்தில் தண்ணீர் தெளித்தால் சுர் என்று ஆவியாகும். இடது காலில் முழங்காலுக்குக் கீழே அவருக்கு முடியே கிடையாது, தோல் கறுத்துத் தடித்திருந்தது. சித்திரை, வைகாசியில் ஈரச் சாக்கைக் காலில் சுற்றிக்கொண்டு ஓட்டுவார். பேரளம் தாண்டுவதற்குள் சாக்கு காய்ந்துவிடும், இறங்கி வாய்க்காலில் நனைத்துக்கொண்டு வருவார்.

ஸ்டீயரிங் சக்கரம் செக்கு மாதிரி. வண்டி நின்றால் அது திரும்பவே திரும்பாது. கொஞ்சம் உருளவிட்டு, சீட்டைவிட்டு எழுந்து நின்று, உடம்பு எடையை எல்லாம் அதில் தொங்கவிட்டால் திரும்பும். ஒவ்வொரு கியருக்கும் கிளட்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும். எஞ்சின் சத்தத்தைக் காதால் அளந்து சரியான நொடியில் தள்ளாவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு கியர்க் கம்பி வெளியே வந்துவிடும். பிறகு எந்தக் கியரும் விழாது, வண்டி தன் பாட்டுக்கு உருளும். பிரேக் மூன்று முறை மிதித்தால்தான் பிடிக்கும். முதல் மிதி காற்று, இரண்டாவது மிதி பாதி, மூன்றாவதற்குத்தான் நிற்கும். ஆகவே மற்றவர்கள் ஆபத்தைப் பார்த்து மிதிப்பார்கள், செல்லக்கண்ணு ஆபத்து வருவதற்கு முன்னாலேயே மிதிக்கத் தொடங்கிவிடுவார்.

மாலையில் வீட்டுக்குப் போனால் விரல்கள் மடங்காது. சோற்றைப் பிசைய முடியாது. அவர் மனைவி அமுதம் பிசைந்து உருண்டையாக உருட்டிக் கையில் வைப்பார். கல்யாணமான புதிதில் அதை ஊடலும் கொஞ்சலுமாகச் செய்த அமுதத்துக்கு, இரண்டாம் வருஷத்திலேயே அது தினசரி வேலையாகிவிட்டது.

எழுபத்து நாலில் ஹேண்டில் திருப்பி அடித்தது. எஞ்சின் பின்னோக்கி உதைத்தால் கையில் இருக்கும் இரும்பு வேகமாகத் திரும்பிவரும். கட்டை விரலை மற்ற விரல்களோடு சேர்த்து ஒரே பக்கமாக வைத்துத்தான் பிடிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அன்றைக்கு இரவெல்லாம் மழை பெய்து, முப்பதாவது சுற்றில் கை வழுக்கிவிட்டது. வலது மணிக்கட்டு முறிந்தது. வைத்தியர் முட்டையும் உளுந்தும் வைத்துக் கட்டி, நாற்பது நாள் அசைக்கக் கூடாது என்றார். பன்னிரண்டாம் நாள் பூமிநாதன் என்னிடம் சொல்லியனுப்பினார், மீன் கெட்டுப்போகிறது, வேறு ஆள் பார்க்கிறேன் என்று. பதிமூன்றாம் நாள் காலை செல்லக்கண்ணு கட்டை அவிழ்த்துவிட்டு வந்து நின்றார். எலும்பு கோணலாகக் கூடியது. அதன் பிறகு அந்தக் கையை முழுதாகத் திருப்ப முடியாது. ஸ்டீயரிங்கை இடது கையால் இழுத்து, வலது முழங்கையால் தாங்கிப் பிடிப்பார்.

பட்டினச்சேரியில் கனகாம்பாள் என்று ஒரு அம்மாள் இருந்தார். கூடையில் மீன் எடுத்துக்கொண்டு டி.ஆர். பட்டினம் தெருக்களில் விற்பவர். கணவர் கடலில் போய்விட்டார், ஒரே மகன் தர்மராஜ். செல்லக்கண்ணு வண்டிக்குக் கை பிரேக் இல்லை, நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். அவர் இறங்கிக் கல் தேடுவதற்குள் வண்டி நாலடி நகர்ந்துவிடும். ஒரு நாள் மீன் கூடையை அது நசுக்கப் பார்த்தது. கனகாம்பாள் திட்டிக்கொண்டே ஒரு கருங்கல்லைத் தூக்கி முன்சக்கரத்தின் அடியில் போட்டார். அன்றிலிருந்து அது அவர் வேலையாகிவிட்டது. வண்டி ஊருக்குள் வருகிற சத்தம் கேட்டதும் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார். அவர் கேட்காமல், இவர் சொல்லாமல், நாலு வருஷம் அப்படி நடந்தது.

எழுபத்தொன்பது பங்குனியில் பிரேக் குழாய் விட்டுப்போனது. எண்ணெய் கசிந்து சக்கரமெல்லாம் ஈரமாக இருந்தது. செல்லக்கண்ணு என்னிடம் வந்து சொன்னார். நான் உள்ளே போய்ப் பூமிநாதனிடம் சொன்னேன். மீன் நன்றாகப் படுகிற நேரம், இந்த வாரம் ஓடட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். மெக்கானிக் சுப்பையன் குழாயின் மேல் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கம்பியால் கட்டினார். எண்ணெய்க்குப் பதிலாகச் சோப்புத் தண்ணீர் ஊற்றினார். அப்போதெல்லாம் பலரும் அப்படித்தான் சமாளித்தார்கள். நான்காம் நாள் கம்பி விட்டது.

காலை எட்டு மணி. பட்டினச்சேரிக்குப் போகும் வழியில் ஒரு வாய்க்கால் பாலம் உண்டு. அதில் ஏறி இறங்கினால் மீன் கொட்டகை. பாலத்து இறக்கத்தில் செல்லக்கண்ணு கியரைக் குறைக்கப் பார்த்தார், விழவில்லை. பிரேக்கை மிதித்தார். முதல் மிதி, இரண்டாவது மிதி, மூன்றாவது மிதி. கால் தரையில் இடித்தது. ஐஸ் முழுக்க ஏற்றிய வண்டி. எதிரே கொட்டகையில் முப்பது நாற்பது பெண்கள் கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள். இடது பக்கம் மணல் மேடு. எழுந்து நின்று ஸ்டீயரிங்கில் தொங்கி வண்டியை மணல் பக்கம் ஒடித்தார். கத்தினார். அலறலைக் கேட்ட பெண்கள் சிதறி ஓடினார்கள். ஒருவர் மட்டும் ஓடவில்லை. கனகாம்பாள் வழக்கம்போலக் கல்லைத் தூக்கிக்கொண்டு மணல் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார். வண்டி மெதுவாகத்தான் உருண்டுவருகிறது, கல்லைப் போட்டால் நின்றுவிடும் என்று நினைத்திருக்க வேண்டும். முன்சக்கரத்துக்குக் கல்லை வைக்கக் குனிந்தார்.

மணலில் புதைந்து வண்டி நின்றது. கனகாம்பாளைத் தாண்டி ஆறடி தள்ளி நின்றது.

செல்லக்கண்ணுவை ஊர்க்காரர்கள் அடித்ததில் இரண்டு பல் போயிற்று. போலீஸ் வந்து மீட்டது. மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் மறுநாள்தான் வர முடிந்தது. அன்று மாலையே சுப்பையன் ஒரு பையோடு பட்டினச்சேரிக்குப் போய்ப் புதுக் குழாயை மாட்டிவிட்டு வந்துவிட்டார். அவர் போவதை நான் பார்த்தேன். பையில் என்ன இருந்தது என்றும் எனக்குத் தெரியும்.

பூமிநாதன் ஸ்டேஷனுக்குப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். செல்லக்கண்ணு வாயில் துண்டை வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பூமிநாதன் அவர் எதிரே குந்தி உட்கார்ந்தார். அப்படி அவர் யார் முன்னும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"வண்டியில பழுதுன்னா நான் உள்ள போவணும், செல்லக்கண்ணு. நான் போனா கெடங்கு போச்சு. அத நம்பி நாப்பது குடும்பம் இருக்கு. நீ ஒரு ஆளு. ஒன் வீட்ட நான் பாத்துக்கறேன். நீ வெளிய வந்ததும் புது வண்டி எடுக்கறேன். நீதான் அதுக்கு டிரைவரு."

செல்லக்கண்ணு வாயிலிருந்து துண்டை எடுத்தார். பிறகு, எழுதுங்கள் என்று என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். பிரேக் நல்ல நிலையில் இருந்தது, நான்தான் கவனக் குறைவாக ஓட்டிவிட்டேன் என்று நான் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று ஊரில் பெயர். அவர் கோணல் கையால் கீழே பெயரைப் போட்டார்.

ஜாமீனில் வந்தபோது அமுதம் அவரிடம் கெஞ்சியிருக்கிறார். நடந்ததை நடந்தபடி கோர்ட்டில் சொல்லுங்கள் என்று. செல்லக்கண்ணு கேட்கவில்லை.

"பிரேக்கு புடிக்கலங்கறது நெசந்தான். ஆனா வண்டிய அந்தம்மா பக்கம் ஒடிச்சது யாரு? நாந்தானே. அத யாருகிட்ட போயி சொல்லுவேன்?"

ஒன்றரை வருஷம் தண்டனை. லைசென்ஸும் ரத்தானது. முதல் நாலு மாதம் பூமிநாதன் வீட்டிலிருந்து அமுதத்துக்கு அரிசி போயிற்று. ஐந்தாம் மாதம் நின்றது. அமுதம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனார். அதற்கு முன்பே, கனகாம்பாளின் பதினாறாம் நாள் காரியத்தன்று, அவர் யாரிடமும் சொல்லாமல் பட்டினச்சேரிக்கு நடந்துபோய் அந்த வீட்டு வாசலில் கும்பிட்டபடி நின்றிருக்கிறார். உள்ளேயிருந்து ஒருத்தி மீன் கழுவிய தண்ணீரை அவர் தலையில் ஊற்றினாள். அந்தச் சேலையோடு தலத்தெரு வரைக்கும் திரும்பி நடந்தார்.

எண்பத்தொன்றில் செல்லக்கண்ணு வெளியே வந்தார். லைசென்ஸ் இல்லாதவருக்கு என்ன வண்டி? பூமிநாதன் அவரை ஐஸ் தூக்கப் போட்டார். புது வண்டி பற்றி அவரும் பேசவில்லை, இவரும் கேட்கவில்லை. பழைய லாரியை வேறொருவர் ஓட்டினார். அதுவும் எண்பத்து மூன்றில் ஓய்ந்துபோய்க் கிடங்குப் பின்புறம் நின்றது.

எண்பத்தைந்தில் புது லாரி வந்தது. அப்போதுதான் வந்திருந்த ஜப்பான் மாடல். சாவியைத் திருகினால் எஞ்சின் பாடியது. கண்ணாடி துடைக்க மோட்டார், டிரைவருக்கு மெத்தை சீட்டு, எஞ்சின் சூடு உள்ளே வராத தடுப்பு எல்லாம் இருந்தன. கிடங்கு ஆட்கள் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தோம். பூமிநாதன் சாவியை எடுத்துத் தர்மராஜிடம் கொடுத்தார்.

கனகாம்பாளின் மகன்தான். அம்மா செத்தபோது அவனுக்குப் பதினேழு. பட்டினச்சேரிப் பஞ்சாயத்தார் இனி இந்த ஆளுக்கு மீன் போடுவதில்லை என்று முடிவு எடுத்தபோது, பையனைத் தன் பொறுப்பில் எடுத்து டிரைவராக்குகிறேன் என்று பூமிநாதன் வாக்குக் கொடுத்திருந்தார். அதை அவர் நிறைவேற்றினார். சுப்பையனிடம் விட்டு வேலை பழக்கி, லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தார். கொடுத்த வாக்கில் எதை நிறைவேற்றினால் லாபம் என்பது அவருக்குத் தெரியும்.

அந்த வண்டிக்கு ஐஸ் ஏற்றி இறக்கும் ஆளாகச் செல்லக்கண்ணு போக வேண்டியிருந்தது. தர்மராஜ் அவரை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடமாட்டான். ஹார்ன் அடிப்பான், அவர் வர வேண்டும். முன்சீட்டில் இடம் இருந்தாலும் பின்னால்தான் ஏறச் சொல்வான். போகும்போது ஐஸ் மேல் சாக்கு போட்டு உட்கார்ந்திருப்பார், வரும்போது காலி மீன் பெட்டிகளுக்கு நடுவில் வெயிலில் உட்கார்ந்திருப்பார். பட்டினச்சேரிக்குள் வண்டி நுழைந்தால் தலையில் துண்டைப் போட்டுக்கொள்வார். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது.

எண்பத்தாறு புரட்டாசியில் ஒரு நாள் கும்பகோணத்தில் மீனை இறக்கிவிட்டுத் திரும்பும்போது தர்மராஜுக்குக் குளிர்ஜுரம் வந்துவிட்டது. பேரளம் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவன், வண்டியை ஓரங்கட்டி ஸ்டீயரிங் மேலேயே சாய்ந்தான். பின்னாலிருந்து இறங்கிவந்து பார்த்த செல்லக்கண்ணுவிடம் ஒரே வார்த்தைதான் சொன்னான்.

"எடுங்க."

லைசென்ஸ் இல்லை என்று இவர் தயங்கினார். அவன் அதற்குள் நகர்ந்து அந்தப் பக்கம் சுருண்டுவிட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததைச் செல்லக்கண்ணு என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். சாவியைத் திருகியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டதாம். கியர் வெண்ணெயில் விரல் போவது மாதிரி விழுந்தது. காதால் எதையும் அளக்க வேண்டியிருக்கவில்லை. கோணல் கை போதும், ஸ்டீயரிங் திரும்பியது. கால் சுடவில்லை. இரண்டு மைல் தூரம் அவர் சந்தோஷமாக இருந்தார், அதை ஒத்துக்கொண்டார். மூன்றாவது மைலில் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. இவ்வளவு சுலபமா இது, இதற்காகவா நான் ஏழு வருஷம் செத்தேன் என்று தோன்றியதாம். பக்கத்தில் கிடந்தவனைப் பார்த்தார். தாயின் முகம் அப்படியே இருந்தது.

அம்பகரத்தூர்ப் பக்கம் ஒரு வளைவில் ஆட்டு மந்தை ரோட்டில் ஏறியது. ஆடுகள் தூரத்தில்தான் இருந்தன, நல்ல வண்டிக்கு வேண்டிய மட்டும் இடம் இருந்தது. செல்லக்கண்ணுவின் கால் அதைக் கேட்கவில்லை. மூன்று முறை மிதித்தால் நிற்கும் வண்டிக்குப் பழகிய கால் அது. முழு பலத்தோடு முதல் மிதி மிதித்தது. இரண்டாவது மிதிக்கு அவசியமே இல்லாமல் வண்டி அந்த இடத்திலேயே நின்றது. பெட்டிகள் எல்லாம் முன்னால் வந்து மோதின. ஜுரத்தில் கிடந்த தர்மராஜ் எகிறிப்போய்க் கண்ணாடியில் நெற்றியால் இடித்தான். கண்ணாடி விரிசல் விட்டது. அவன் புருவத்துக்கு மேல் கிழிந்து ரத்தம் மூக்கில் வழிந்தது.

செல்லக்கண்ணு துண்டைக் கிழித்துக் கட்டினார். இந்தக் குடும்பத்தில் இரண்டாவது ரத்தம் தன் கையால் என்று அவருக்குத் தோன்றியது. ஏழு வருஷமாகச் சொல்லாததை அந்த ரோட்டோரத்தில் சொல்லிவிட்டார்.

"அந்த வண்டிக்கு பிரேக்கு இல்ல, தம்பி. கொழாய் விட்டுப்போயி நாலு நாளாச்சு. நான் கவனிக்காம ஓட்டல. ஒங்கம்மாவ நான் கவனிக்காம கொல்லல."

தர்மராஜ் கட்டின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"தெரியும்," என்றான்.

இவருக்குப் புரியவில்லை.

"சுப்பையன் அண்ணன் வேல பழக்கறப்பவே சொல்லிட்டாரு. குடிச்சிட்டு அழுதாரு. கொழாய அவருதான் மாத்துனாராம். அப்ப எனக்கு லைசென்சுகூட கெடைக்கல. நான் போயி மொதலாளிய கேட்டா என்ன கெடைக்கும்? எங்கம்மா வருமா? வண்டிதான் போவும்."

கட்டை இன்னும் இறுக்கிக்கொண்டு சொன்னான். "ஒங்க மேல கோவமா இருக்கறது எனக்கு சுலுவா இருந்திச்சு. அதையும் கெடுக்காதீங்க. இனிமே இத யாருகிட்டயும் பேசாதீங்க."

தலத்தெரு வருவதற்கு முன்னால் அவன் வண்டியை நிறுத்தச் சொன்னான். ஊருக்குள் யாரும் பார்க்க வேண்டாம், பின்னால் ஏறிக்கொள்ளுங்கள் என்றான். கட்டுப் போட்ட தலையோடு, குளிரில் நடுங்கிக்கொண்டு, கிடங்கு வரைக்கும் அவனே ஓட்டிவந்தான்.

கிடங்கு வாசலில் பூமிநாதன் முதலில் பார்த்தது கண்ணாடியைத்தான். அப்புறம்தான் நெற்றியைப் பார்த்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். நான் டெலிபோன் மேசையில் இருந்தேன், ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

தர்மராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு ஜொரம். படுத்திருந்தேன். அவரு எடுத்தாரு," என்றான். எடுக்கச் சொன்னது தான்தான் என்பதைச் சொல்லவில்லை. செல்லக்கண்ணு அவன் சொல்வான் என்று ஒரு நிமிஷம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பார்வையை எடுத்துக்கொண்டார். அவரும் சொல்லவில்லை.

பூமிநாதனுக்குக் கோபத்தில் குரல் கிழிந்தது. லைசென்ஸ் இல்லாத ஆள், ஜெயிலுக்குப் போய்வந்த ஆள், புது வண்டியைத் தொடலாமா என்று கேட்டார்.

"பிரேக்க இப்புடியா மிதிப்பான் ஒருத்தன்? வண்டி ஓட்டத் தெரிஞ்சவன் மிதிக்கற மிதியா இது?"

அதற்குச் செல்லக்கண்ணு பதில் சொல்ல வாயெடுத்தார். என் பக்கம் திரும்பினார். குழாய் கசிகிறது என்று அவர் சொன்னதும், அதை நான் உள்ளே போய்ச் சொன்னதும், ஸ்டேஷனில் என் கை எழுதியதும் அந்தக் கிடங்கில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. டெலிபோன் அடித்தது. நான் எடுத்துப் பேசினேன். எவ்வளவு ஐஸ் வேண்டும் என்று யாரோ கேட்டார்கள், பதில் சொன்னேன். வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் வாசலைத் தாண்டிப் போயிருந்தார். மறுநாள் முதல் அவருக்கு வேலை இல்லை.

அதன் பிறகு மார்க்கெட்டில் கைவண்டி இழுத்தார். நாற்பது வயதுதான். ஆனால் தோள் இரண்டும் தேய்ந்திருந்தன, எஞ்சின் இரைச்சலில் காது பாதி போயிருந்தது. மழைக்காலத்தில் வலது கை வேலை செய்யாது, விரல்கள் கம்பியைப் பிடிக்காமல் நழுவும். எண்பத்தெட்டு ஐப்பசியிலிருந்து அமுதம் முன்னால் நின்று வண்டியை இழுத்தார். செல்லக்கண்ணு பின்னால் நின்று, கையால் பிடிக்க முடியாததால், தோளைக் கொடுத்துத் தள்ளினார்.

செல்லக்கண்ணு என்னைப் பார்த்தால் நின்று இரண்டு வார்த்தை பேசுவார். அமுதம் நிற்கமாட்டார். வண்டியை இழுத்துக்கொண்டே போவார், அவரும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுத் தோளைக் கொடுத்துக்கொண்டு பின்னாலேயே போவார். சில நாட்களில் அவர்கள் வருவது தெரிந்தால் நான் தெருவின் மறுபக்கம் போய்விடுவேன். பூமிநாதனிடம் இன்னும் வேலை பார்க்கிறேன்.